கடல் கடந்தோர் பெயரும் நம் கோயில் ஏடுகளும்

ஒருவர் பெயரைப் பிழையின்றிப் படித்தல் எளிய செயல் என்றே யான் சென்ற ஆண்டுவரை எண்ணியிருந்தேன். எழுத்துக்களின் பிறப்பையும் புணர்ச்சியையும் நூற்பா நூற்பாவாகப் பாடங்கேட்டுவரும் தமிழ் ஆனர்ஸ் மாணவனுக்கு, தன் ஊரிற் பிறந்த ஒரு மனிதர் பெயர் விளங்காது போகுமோ? போயிற்று. அது போனவாற்றைக் கூறி, அதனால் என் உள்ளத்தெழுந்த கருத்தொன்றை உடன்பயிலும் மாணவர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும், கலாசாலையை விட்டுச் சென்ற பழைய மாணவர்க்கும் விண்ணப்பித்துக்கொள்ளுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர்க் கொம்யூனைச் சார்ந்ததோர் சிற்றூர் என் ஊர். சென்ற ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக்கு யான் அங்குச் சென்றிருந்தபோது, வில்லியனூர் லூர்தன்னை திருவிழாவுக்கு வந்த அம்மையார் ஒருவர் எங்கள் பங்குக் கோயிலைத் தேடிவந்தார். அவர் ரெயூனியன் தீவினர்; ஐம்பது வயது கடந்தவர்; தமிழ் ஒரு சொல்லும் அறியார். எங்கள் உபதேசியாருக்குப் பிரெஞ்சு ஓரளவு வருமாதலின் அவர் வாயிலாகச் செய்தி விளங்கிற்று. பாட்டன், பூட்டன், ஓட்டன் என நாம் எண்ணும் முறையில் அவ்வம்மையாரின் ஓட்டனார் 1878ஆம் ஆண்டிற் கூலியாளாய்க் கப்பலேறி அத்தீவுக்குச் சென்றவராம். அங்குள்ள பதிவேட்டினின்று எடுத்த படியொன்று அவர் கையிலிருந்தது. பெயர் 'ரயப்பேன்', தந்தை 'சவேரிமுத்து', வயது 20, பிறந்த ஊர், பிரெஞ்சு எழுத்திற் சிதைந்து கிடந்த எங்கள் ஊரின் பெயர்.

பங்குச் சாமியார் மனமுவந்து இரும்புப் பீரோவைத் திறந்து, 1855 முதல் 1862 வரையுள்ள ஞானஸ்நானப் பதிவேட்டை மேசைமேல் வைத்தார். ஏட்டின் இறுதியிலிருந்த பெயரட்டவணையில் ரகரத்தின்கீழ் யான் வரிவரியாய் விரல்வைத்துப் பார்த்தேன். ரயப்பன் என்றோ இராயப்பன் என்றோ ஒருவரும் இலர். 'இல்லை' என்று உபதேசியார் கூறியபோது அம்மையார் முகத்தில் வருத்தத்தைக் காட்டினாரில்லை. எங்கட்கெல்லாம் நன்றி சொல்லி, பீடத்தின்முன் ஒரு மெழுகுதிரி ஏற்றி, கோயில் மணியைப் படமெடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய விலாசத்தை அவரும் தந்திலர், யாமும் கேட்டிலேம்.

இரண்டு திங்கள் கழிந்தன. ஒருநாள் வகுப்பில் வீரமாமுனிவர் வரலாற்றைப் பாடஞ்சொல்லிய பேராசிரியர், அம்முனிவர் முதலிற் பூண்ட தைரியநாதர் என்னும் பெயர் அவருடைய இலத்தீன் பெயரின் மொழிபெயர்ப்பே என்று விளக்கி, அக்காலத்துக் கத்தோலிக்கக் குரவர்கள் அர்ச்சியசிஷ்டவர்களின் பெயர்களையும் இவ்வாறே தமிழ்ப்படுத்தினர் என்றார். பேதுரு இராயப்பர் ஆனார். பவுல் சின்னப்பர் ஆனார். யோவான் அருளப்பர் ஆனார். சவேரியார் பெயரால் சவரிமுத்து பிறந்தது. இதனைக் கேட்ட அளவில் எனக்கு உடல் குளிர்ந்தது. எங்கள் பழைய ஞானஸ்நான ஏடுகள் இலத்தீனில் எழுதப்பட்டவை. வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்ட குழந்தையைக் குரவர் ஏட்டிற் 'பேத்ருஸ்' என்றன்றோ எழுதியிருப்பர்? யான் தேடியது ரகரத்தில். அவர் இருந்தது பகரத்தில்!

அடுத்த விடுமுறையில் ஊருக்கு ஓடினேன். 1858ஆம் ஆண்டின் பக்கமொன்றில், 'சவேரியுஸ்' மகன் 'பேத்ருஸ்' என்று நான்கு வரியில் அப்பதிவு இருந்தது. தந்தை பெயர் பொருந்துகிறது, ஊர் பொருந்துகிறது, வயதும் பொருந்துகிறது. ஓரூரில் ஒரே பெயருடையார் இருவர் இருத்தல் கூடுமாதலின், இவரே அவர் என்று சத்தியஞ்செய்ய யான் துணியேன். ஆயினும் அம்மையாரிடம் காட்டியிருக்கவேண்டிய பக்கம் அதுவே. ஏடு அழிந்திலது, சாமியார் மறுத்திலர், உபதேசியார் சோம்பியிருந்திலர். அன்று அங்குக் குறைந்துபோனது தமிழறிவு ஒன்றே. தமிழறிவுடையான் என்று பெயர்படைத்த ஒருவன் அம்மேசையருகே நின்றும் அது குறைந்தது.

இஃது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை 1848ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள்வேண்டிப் புதுச்சேரியையும் காரைக்காலையும் நாடினர். 'ஒரேலி' என்னும் கப்பல் 1853ஆம் ஆண்டு மே மாதம் மார்த்தினீக் தீவிலும், 1854ஆம் ஆண்டு டிசம்பரிற் குவாதலூப் தீவிலும் நம்மவரை முதன்முதல் இறக்கிற்று. 1861ஆம் ஆண்டில் ஆங்கில அரசும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையால் ஆங்கில நாட்டுக் குடிகளும் இவ்வழியே பெருந்தொகையாய்ச் செல்லலாயினர். பின்னர்க் கூலியாட்கள் படும் துன்பங்கருதி ஆங்கில அரசே 1882இல் ரெயூனியனுக்கும், 1888இற் குவாதலூப்புக்கும் ஆள் அனுப்புதலை நிறுத்திற்று. அதற்குள் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும், மார்த்தினீக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும், ரெயூனியனுக்கு ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோரும் சென்றனர். திரும்பியோர் சிலர், அங்கேயே தங்கினோரும் மாண்டோரும் பலர். இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் பிரெஞ்சும் கிரியோலும் பேசுகின்றனர். தமிழ் அவர்கட்குப் பெயரளவில் எஞ்சியிருக்கிறது. யான் பெயரளவில் என்றது உயர்வுநவிற்சியன்று. உண்மையாகவே அவர்தம் பெயரில்தான் தமிழ் எஞ்சியிருக்கிறது.

அப்பெயர் எஞ்சிய முறையைச் சற்று நோக்குவோம். நம் நாட்டிற் குடும்பப்பெயர் என்பதொன்று பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைச் சொல்லுதலே வழக்கு. கடல்கடந்தவரின் சொந்தப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் காதாற் கேட்டவாறு எழுதிக்கொண்டார். அடுத்த தலைமுறைக்கு அதுவே குடும்பப்பெயர் ஆயிற்று. இராமசாமி 'ரமஸ்ஸமி' ஆனார். முத்துசாமி 'முதுஸ்ஸமி' ஆனார். வீரப்பிள்ளை 'விராபுல்லே' ஆனார். லகர ளகர ழகரங்கள் மூன்றும் பெரும்பாலும் ஓரெழுத்தாய் ஒடுங்கின. தகரமும் டகரமும் ஒன்றாயின. ஊர்ப்பெயர்களும் தப்பவில்லை. உழவர்கரை 'உல்காரே' என்றும், வில்லியனூர் 'வில்லனூர்' என்றும் வழங்கின. ஆதலின் ரமஸ்ஸமி என்னும் குடும்பத்தை நம் நாட்டில் ஒருவர் ஆயுள் முழுதும் தேடினும் காணார்; அப்படியொரு குடும்பம் இங்கு என்றும் இருந்ததில்லை. தேடவேண்டியது இராமசாமி என்னும் ஒரு மனிதரை. அதற்குத் துணையாவது அவர் தந்தையின் பெயர்.

இனி, தேடற்குரிய ஏடுகள் யாவை எனின், அவை இருவகைப்படும். ஒன்று கோயில் ஏடு. மற்றொன்று அரசின் ஏடு. கோயில் ஏடுகளுள் ஞானஸ்நானப் பதிவு குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானத்தாய் தந்தையர் ஆகியோரைக் கூறும். விவாகப் பதிவு மணமக்களின் தந்தையரையும் ஊர்களையும் சாட்சிகளையும் கூறும். புதுச்சேரி நகரின் பழைய பதிவுகளை 1676ஆம் ஆண்டு முதலாகத் தொகுத்து அச்சிடுவித்தவர், பிரெஞ்சிந்தியாவின் ஆளுநராயிருந்த மர்த்தினோ துரை. ஆனால் வில்லியனூர், பாகூர் முதலிய நாட்டுப்புறங்களின் ஏடுகட்கு அத்தகைய பேறு கிட்டிலது. அரசின் ஏட்டினை எங்கள் பக்கத்தார் இன்றும் 'எத்தா சிவில்' என்பர். 1880ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் ஆணையாற் கொம்யூன்கள் அமைந்தபின், ஊராரின் பிறப்பும் மணமும் இறப்பும் 'மேரி' அலுவலகத்திற் பிரெஞ்சில் எழுதப்பட்டன. 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி தம் குலவழக்கை விடுத்துப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் புதிய குடும்பப்பெயரும் பூண்டனர். அவர்கட்குத் தலைவராய் நின்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' எனப் பெயர்கொண்டமை பலரும் அறிந்ததே. இங்ஙனம் ஒரே மனிதர் கோயிலில் ஒரு பெயரும், மேரியில் ஒரு பெயரும், தெருவில் ஒரு பெயரும் உடையராதல் எங்கள் ஊர்களில் வியப்பன்று.

தேடுவோர் மயங்கக்கூடிய இடங்கள் இரண்டுள. கப்பலேறிய துறை வேறு, பிறந்த ஊர் வேறு. கப்பல் ஏடு 'புதுச்சேரி' என்று கூறினும், அவர் தென்னார்க்காட்டினராகவோ தஞ்சையினராகவோ இருத்தல் கூடும். பிரெஞ்சு ஊர்களும் ஆங்கில ஊர்களும் எங்கள் பக்கத்தில் ஒன்றனுள் ஒன்று கோத்துக்கிடந்தன. அஃதன்றியும், சென்றவருட் பெரும்பாலார் இந்துக்கள். 1855இற் கப்பலேறிய இந்து ஒருவருக்கு ஞானஸ்நானப் பதிவு ஏது? அவரைத் தேடுங்கால் அவரை விட்டு, ஊரிலேயே தங்கிய அவர் தம்பியையும் தங்கையையும் தேடவேண்டும். தம்பி 1890இல் இறந்திருப்பின், எத்தா சிவில் ஏட்டில் அவர் தந்தையின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். போனவரைக் காட்டுவது பலகாலும் இருந்தவரின் பதிவே.

அயல்நாடொன்றின் வரலாறு நமக்கு இங்கே பாடமாகும். அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டிற் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்திற் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர்; ஏறக்குறைய அத்துணைப்பேர் கடல்கடந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவினின்றும் ஆஸ்திரேலியாவினின்றும் முன்னோரைத் தேடி இன்றும் வருகின்றனர். அந்நாட்டில் எல்லார்க்கும் உரிய அரசுப்பதிவு 1864இல்தான் தொடங்கிற்று. அதற்கு முற்பட்ட குடிக்கணக்கு ஏடுகளைத் தலைநகராகிய டப்ளினில் ஒரே மாளிகையிற் சேர்த்துவைத்திருந்தனர். 1922ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் உள்நாட்டுப் போரில் அம்மாளிகை தீப்பற்றியது. 1821 முதல் 1851 வரை எடுத்த கணக்குகளிற் பெரும்பகுதியும், அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த அயர்லாந்துத் திருச்சபையின் ஏடுகளும் சாம்பலாயின. கத்தோலிக்கப் பங்கு ஏடுகளோ நாட்டுப்புறக் கோயில்களிலேயே இருந்தமையாற் பிழைத்தன. அந்நாட்டுத் தேசிய நூலகம் அவற்றைப் படச்சுருளில் எடுத்து, 2015ஆம் ஆண்டில் இணையத்தில் யாவரும் விலையின்றிக் காணுமாறு வெளியிட்டது. அங்கும் பெயர்ச்சிக்கல் உண்டு. 'ஓ முர்கூ' என்னும் ஐரியப் பெயர் ஆங்கிலத்தில் 'மர்ஃபி' ஆயிற்று. ஐரிய மொழி கற்றோரே அதனை மீட்டுரைக்க வல்லவராயினர்.

நம் நிலை யாது? பிரெஞ்சு அரசு தன் குடியேற்ற நாடுகளின் பதிவேடுகட்குப் படியெடுத்துத் தாய்நாட்டுக்கு அனுப்புமாறு 1776ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. அப்படிகள் இன்று எக்ஸ் நகர் ஆவணக்களரியில் உள்ளன. பழையவற்றுட் பல இணையத்திற் காணக்கிடக்கின்றன. மொரீசியஸ் தீவிற் குடிவந்தோரின் ஏடுகளை மகாத்மா காந்தி நிறுவனம் போற்றிவைத்திருக்கிறது. புறப்பட்ட இடமாகிய நம் ஊர்களில்தான் அப்போற்றுதல் குறைவு. 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் வில்லியனூர்க் கொம்யூனைச் சார்ந்த கீழூரில் 178 பேராளர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர்; நாடு நமதாயிற்று. அன்று முதல் பிரெஞ்சறிந்த எழுத்தர் குறைந்தனர், பிரெஞ்சேடுகள் படிப்பாரற்றுப்போயின. பழைய பதிவொன்றை வேண்டி யான் சென்றதோர் அலுவலகத்தில், மழைநீர் புகுந்த ஆண்டிற் பல கட்டுகள் வெளியே எறியப்பட்டன என்று விடைகிடைத்தது. எங்கள் கோயில் ஏட்டிலும் இராமபாணப்பூச்சி முப்பது பக்கங்களைத் துளைத்துவிட்டது. பாகூர்க் கலாசாலைக்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்டமையை ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு பொறித்துவைத்தது. அஃது இன்றும் படிக்கக்கிடக்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்கு முற்பட்ட தாளோ நம் கண்முன் உதிர்கிறது.

'செத்தார் பெயரைத் தேடி என்ன பயன்? இருப்பார்க்கு வேலையும் சோறும் தேடுக' என்பார் உளர். அவர் கூற்றில் நியாயமில்லாமலில்லை. ஆயினும் ஏட்டிலுள்ள பெயர் உயிருள்ளார்க்கும் உரிமை தருவதொன்று. குவாதலூப்பிற் குடியேறிய இந்தியப் பெற்றோர்க்கு 1863இற் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பார், அங்குப் பிறந்த இந்தியர் வாக்குரிமையுடைய குடிகளே என நிலைநாட்ட 1904 முதல் 1923 வரை வழக்காடினார். இன்னார் இன்னவிடத்துப் பிறந்தார் என்னும் பதிவு எத்துணைப் பெரிய காரியத்துக்கு அடிப்படையாகும் என்பது அவர் வரலாற்றால் விளங்கும்.

வேறு சிலர், 'இவ்வாராய்ச்சி சாதிப்பெருமைக்கு உரமிடும்' என்று அஞ்சுவர். இவ்வச்சத்தை யான் பெரிதும் மதிக்கிறேன். கப்பல் ஏடுகளிற் சாதியும் எழுதப்பட்டதுண்டு. கோயில்களுள்ளும் சாதிவாரியாய் மக்களைப் பிரித்து அமர்த்திய காலம் ஒன்றிருந்தது. முன்னோரைத் தேடுவோர் 'நாம் யாரினும் உயர்ந்தோம்' என்பதற்குச் சான்றுதேடுவாராயின் அவ்வேடுகள் மூடியே கிடக்கலாம். ஆனால் கூலியாளாய்க் கப்பலின் அடித்தட்டிற் சென்ற ஒருவரைத் தேடிவருவோர் பெருமையைத் தேடி வருவதில்லை. எங்கள் கோயிலுக்கு வந்த அம்மையார் தம் ஓட்டனாரின் நிலத்தையோ குலத்தையோ உசாவினாரல்லர். அவர் பெயரை அவ்வூரார் சொல்லக் கேட்கவேண்டும் என்றே கேட்டார்.

இனி யான் வேண்டுவன மூன்று. முதலாவது, வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் கோயில் ஏடுகளையும் அரசு ஏடுகளையும், உரியவரின் இசைவுபெற்று, பக்கம் பக்கமாய்ப் படமெடுத்து, ஒரு படி ஊரிலும் ஒரு படி வேற்றிடத்திலும் வைத்தல்வேண்டும். ஓரிடத்துத் தீ எல்லாவற்றையும் விழுங்காமைக்கு அயர்லாந்து கற்பித்த வழி அது. பிறப்பும் மணமும் பற்றிய பதிவுகளைப் பிரான்சு நாட்டிற் பொதுவாக 75 ஆண்டு கழிந்தபின்னரே யாவர்க்கும் திறப்பர். அவ்வரம்பை நாமும் கைக்கொண்டால் இருப்பாரின் மறை வெளிப்படாது.

இரண்டாவது, நம் தமிழ் வகுப்பார் ஒரு பெயரகராதி தொகுத்தல்வேண்டும். ஒரு பத்தியிற் தமிழ்ப்பெயர். அடுத்ததில் அதன் இலத்தீன் வடிவம். அதற்கடுத்ததிற் பிரெஞ்சு ஏட்டில் அது சிதைந்த வடிவங்கள். இராயப்பனும் பேத்ருஸும் ரயப்பேனும் ஒரே வரியில் நிற்றல்வேண்டும். ஊர்ப்பெயர்க்கும் இவ்வாறே செய்க. இதனை இலத்தீன் மட்டும் அறிந்தார் செய்யமாட்டார். பிரெஞ்சு மட்டும் அறிந்தாரும் செய்யமாட்டார். ஒலி மாறுந் திறத்தையும், பெயர் பிறக்கும் முறையையும், ஊர்வழக்கையும் கற்ற தமிழ் மாணாக்கரே செய்யவல்லார். 'தமிழ் ஆனர்ஸ் படித்து என்ன செய்யப்போகிறாய்?' என்று நம்மைக் கேட்போர்க்கு இது தக்கதொரு விடையாகும்.

மூன்றாவது, பழைய மாணவருட் குரவர்களாயும் ஆசிரியர்களாயும் கொம்யூன் அலுவலர்களாயும் விளங்குவோர், தத்தம் பொறுப்பிலுள்ள பழைய ஏட்டை ஒருமுறை திறந்து பார்த்து, அதன் ஆண்டுகளையும் நிலைமையையும் ஒரு தாளிற் குறித்துக் கலாசாலைக்கு அனுப்புவார்களாக. பணம் வேண்டா, ஒரு மாலைப்பொழுது போதும்.

யான் செய்யக்கூடியதைச் செய்துவிட்டேன். சாமியாரின் அனுமதியோடு, அவ்வேட்டின் 1858ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு துண்டுத்தாளைச் செருகி வைத்திருக்கிறேன். 'பேத்ருஸ் என்பது இராயப்பன். ரெயூனியனிலிருந்து ஓர் அம்மையார் இவரைத் தேடிவந்தார். மீண்டும் வந்தால், அல்லது அவர் மக்கள் வந்தால், இப்பக்கத்தைக் காட்டுக. விலாசத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்க' என்று தமிழிலும், உபதேசியாரின் உதவியாற் பிரெஞ்சிலும் அதில் எழுதியுள்ளேன். இன்னும் எத்தனையோ பக்கங்களில் அத்தகைய தாள் செருகப்படவேண்டும். அவற்றை எழுதுதற்குக் கைகள் வேண்டும். நம் கலாசாலையில் அவை உள.